பழக்கிடங்கின் காற்றுக்குழாய்

எங்கள் குடியிருப்பில் யாரும் பேரிக்காயை விலை கொடுத்து வாங்குவதில்லை. வீட்டுக்கு ஒரு மரம் நிற்கிறது. முன்பு அந்த இடம் முழுவதும் தோட்டமாக இருந்ததாம். மனை பிரித்தவர்கள் மற்ற மரங்களையெல்லாம் வெட்டிவிட்டு, ஒவ்வொரு வீட்டுக்கும் பின்புறத்தில் ஒன்றை மட்டும் விட்டுவைத்தார்கள். காய்க்கிற காலத்தில் எல்லோர் கையிலும் கொடுப்பதற்குப் பழம் இருக்கும், வாங்கிக்கொள்ளத்தான் ஆள் இருக்காது.

நான் அங்கே வீடு வாங்கியது பழத்துக்காக அல்ல. நீதிமன்றத்தில் சுருக்கெழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவன். மற்றவர்கள் பேசுவதை ஒரு சொல் விடாமல் கேட்பதுதான் என் பிழைப்பு. அழுகை, பொய், சாபம், சட்டப்பிரிவு எல்லாம் என் காது வழியாகத்தான் போயிற்று. இங்கே என் வாக்குமூலத்தை எழுதிக்கொண்டிருக்கும் அம்மாவுக்கு நான் சொல்வது புரியும். அவர் கைக்கு ஏற்றபடி நிறுத்தித்தான் சொல்கிறேன். வேகமாகப் போனால் சொல்லட்டும்.

ஓய்வுக்குப் பிறகு யார் குரலும் கேட்காமல் படிக்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன். ஆசை அவ்வளவுதான். பின்பக்கத்து அறையில் அலமாரிகள் போட்டு, ஜன்னலோரம் ஒரு நாற்காலி போட்டுக்கொண்டேன். ஒரு பக்கத்தைப் படித்துவிட்டு, புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு வெகுநேரம் சும்மா இருப்பேன். படிப்பதில் எனக்குப் பிடித்த பகுதி அதுதான்.

பக்கத்து வீட்டுக்காரரை எல்லோரும் மைக் என்றுதான் கூப்பிடுவார்கள். மைக்செட் வாடகைக்கு விட்டுக்கொண்டிருந்தவர். குடியிருப்போர் சங்கத்தின் செயலாளரும் அவர்தான். வேறு யாரும் போட்டியிடவில்லை, போட்டியிட்டாலும் பேச வாய்ப்புக் கிடைத்திருக்காது. அவர் மனைவி வீட்டிலேயே தையல் வேலை செய்தாள். என்னை அண்ணா என்பாள். இரண்டு வீட்டுக்கும் நடுச்சுவர் ஒன்றே. அவள் தையல் இயந்திரம் ஓடுவது எனக்குக் கேட்கும். அது என்னைத் தொந்தரவு செய்ததில்லை. அதில் சொற்கள் இல்லை.

மைக் பாடுவார். தினமும் மாலையில், நான் நாற்காலியில் உட்காருகிற அதே நேரத்துக்கு. பாட்டு மோசம் என்று சொல்லமாட்டேன். நன்றாகப் பாடினாலும் எனக்கு ஒன்றுதான். ஒரு பாட்டில் ஓர் இடம் வராவிட்டால் அதையே திரும்பத் திரும்பப் பாடுவார். வரும்வரை நானும் அதே வரியில் நிற்பேன்.

நான் ஒருநாளும் புகார் சொன்னதில்லை. இதைக் குறித்துக்கொள்ளுங்கள். சங்கத்தில் புகார் கொடுக்கலாம்தான். அதை வாங்கிப் படிப்பவர் செயலாளர். ஜன்னலை மட்டும் சாத்துவேன்.

அவர்கள் கெட்டவர்களாக இருந்திருந்தால் நான் பிழைத்திருப்பேன். கெட்ட பக்கத்து வீட்டுக்காரனோடு சண்டை போடலாம். சண்டை முடிந்தால் பேச்சு நின்றுவிடும், அதுவே ஒரு லாபம். இவர்களோ எனக்குக் காய்ச்சல் வந்தால் கஞ்சி கொடுத்தனுப்புவார்கள். பேரிக்காயைத் தோல் சீவி, துண்டு போட்டு, தட்டில் வைத்துச் சுவருக்கு மேலாக நீட்டுவாள். நான் வாங்கிக்கொள்வேன். தட்டைக் கழுவித் திருப்பிக் கொடுப்பேன்.

"ஊமை ஊரைக் கெடுக்கும்னு சொல்வாங்க. நம்ம சார் ஒரு எறும்பைக்கூடக் கெடுக்கமாட்டார்" என்று கூட்டத்தில் எல்லோர் முன்னாலும் மைக் சொன்னார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

கிடங்கு அவர் வீட்டுப் பின்புறத்தில் அகப்பட்டது. துணிக்கொடி கட்டக் கம்பம் நடுவதற்குக் குழி தோண்டியபோது கடப்பாரை கையை விட்டு உள்ளே போய்விட்டது. மண்ணை அள்ளிப் பார்த்தால் கற்பலகை, அதற்குக் கீழே படிகள். தோட்டமாக இருந்த காலத்தில் பறித்த பழங்களைக் குளுமையாக வைத்திருந்த நிலவறை. வீடு கட்டியவர்கள் அதைத் தூர்க்கச் சோம்பல்பட்டு, வாயை மட்டும் மூடி மண் போட்டிருக்கிறார்கள். மேலே சுவர் வைத்து இரண்டு வீடாகப் பிரித்தார்களே ஒழிய, கீழே ஒன்றையும் பிரிக்கவில்லை. நிலவறையின் பாதி என் படிக்கும் அறைக்கு அடியில் இருந்தது.

"சார், உங்க வீட்டுக்கு அடியில நான் குடித்தனம் பண்ணப்போறேன். வாடகை கிடகைன்னு வந்து நிக்காதீங்க" என்றார் மைக். புதுக் கதவு போட்டார், விளக்கு இழுத்தார். கீழே விழும் பழங்களால் தெருவெங்கும் ஈ மொய்க்கிறது என்று சங்கத்தில் பேச்சு வந்தபோது, எல்லா வீட்டுப் பழங்களையும் பெட்டி பெட்டியாகச் சேர்த்துக் கிடங்கில் வைப்பது என்று தீர்மானம் போட்டார். நல்லதை மருத்துவமனைக்கு, கெட்டதை மாட்டுப் பண்ணைக்கு அனுப்புவதாக ஏற்பாடு. வண்டி வருகிறபோது வரும். அதுவரை பெட்டிகள் அங்கேயே இருக்கும்.

அதன் பிறகுதான் மைக்கின் மனைவி ஒரு யோசனை சொல்லியிருக்கிறாள். நான் ஜன்னல் சாத்துவதைப் பார்த்துவிட்டாள் போலிருக்கிறது. சுவரோரம் நின்று அவளே என்னிடம் சொன்னாள்.

"இனிமே அவர் கீழ போய்ப் பாடிக்குவார்ணா. உங்க படிப்பைக் கெடுக்கிறோமேன்னு எனக்கு ரொம்ப நாளா உறுத்தல். இவருக்கு எங்க தெரியுது? நாலு பேர் கேக்கலைன்னா தொண்டையே தொறக்காதுங்கிறார். பேரிக்காய் கேக்கும், போய்ப் பாடுங்கன்னு தொரத்திட்டேன்."

நான் நன்றி சொன்னேன்.

என் ஜன்னலுக்குக் கீழே, சுவரை ஒட்டி, முழங்கால் உயரத்துக்கு ஓர் இரும்புக் குழாய் நிற்கும். பழைய தண்ணீர்க் குழாய் என்று நினைத்திருந்தேன். அன்று மாலை அது பாடியது.

மேலே பாடியபோது ஜன்னலைச் சாத்த முடிந்தது. இப்போது பாட்டு குழாய் வழியாக வந்தது, தரை வழியாகவும் வந்தது. தரையில் கால் வைத்தால் உள்ளங்காலில் ஒரு ரீங்காரம். காலைத் தூக்கி நாற்காலியில் வைத்துக்கொண்டு படித்துப் பார்த்தேன். வெளியே நடந்துவிட்டு வந்து பார்த்தேன், மைக் வாசலில் பிடித்துக்கொண்டு பேசுவார். அவர்கள் எனக்காகச் செய்த காரியம் அது. அதைப் போய் எப்படிக் குறை சொல்வது? அந்த மாதத்தில் நான் ஒரு புத்தகம்கூட முடிக்கவில்லை. ஒரே பக்கத்தை வைத்துக்கொண்டு அவருக்கு அந்த இடம் வருமா வராதா என்று காத்துக்கொண்டிருந்தேன்.

பழைய தலையணை ஒன்று இருந்தது. அதைக் கிழித்து, பஞ்சைக் குழாய்க்குள் குச்சியால் இடித்து இறக்கினேன். மேலே கொஞ்சம் சிமெண்ட் பூசினேன். கையோடு ஒரு பூந்தொட்டியைக் கவிழ்த்து வைத்தேன். பார்வைக்கு நன்றாக இருக்கட்டும் என்றுதான். சத்தம் பெரும்பாலும் அடங்கிவிட்டது. தரையில் மட்டும் கொஞ்சம் மிச்சம்.

"இப்ப எப்படி சார், சத்தம் வருதா?" என்று மைக் கேட்டார்.

"குறைஞ்சிருக்கு" என்றேன். அதில் பொய் இல்லை.

எனக்குத் தெரியுமா என்று காலையிலிருந்து கேட்கிறீர்கள். நான் வேலையில் இருந்தபோது ஒரு வழக்கு வந்தது. வேறு ஊர், வேறு தோட்டம். பழக்கிடங்குக்குள் இறங்கிய கூலியாள் ஒருவர் மேலே வரவில்லை. என்ன ஆயிற்று என்று பார்க்க இறங்கிய இன்னொருவரும் வரவில்லை. நிபுணராக வந்த சாட்சி சொன்னதை நீதிபதி நம்பாமல் என்னை உரக்கத் திருப்பிப் படிக்கச் சொன்னார். அதனால் நினைவிருக்கிறது. பறித்த பிறகும் பழம் மூச்சு விடுகிறது. அழுகும்போது இன்னும் அதிகமாக விடுகிறது. அந்தக் காற்று கனமானது, தரையோடு தங்கும். அதை வெளியேற்றத்தான் குழாய் வைக்கிறார்கள். குழாய் அடைபட்டால், கிணற்றில் நீர் ஊறுவதுபோல் கிடங்கு நிறைந்துவிடும். நீராவது கண்ணுக்குத் தெரியும். இறங்குவதற்கு முன் விளக்கை ஏற்றிக் கீழே இறக்கிப் பார்க்க வேண்டும், அணைந்தால் போகக்கூடாது. இது தோட்டக்காரர்கள் எல்லோருக்கும் தெரிந்த விஷயம் என்றார்.

எங்கள் குடியிருப்பில் தோட்டக்காரர்கள் யாரும் இல்லை.

பஞ்சை இடித்தபோது இதை நினைத்தேனா என்றால், நினைத்தேன். நினைப்பது வேறு, செய்வது வேறு. நான் சத்தத்தைத்தான் அடைத்தேன். அவர் தினமும் கதவைத் திறந்துகொண்டு போய்வந்தார். வழக்கம்போல் காற்று போய்வந்திருக்கும். ஒன்றும் ஆகவில்லை. வாரக்கணக்கில் ஒன்றுமே ஆகவில்லை.

பிறகு அந்தப் பெருங்காற்று அடித்தது. மரங்களில் ஒரு காய் மிஞ்சவில்லை. தெரு முழுவதும் பழத்தை மிதித்துக்கொண்டுதான் நடந்தோம். ஆளுக்கு ஒரு பக்கமாகப் பொறுக்கினோம். நானும் பொறுக்கினேன். என் வீட்டுப் பழங்களை நானே பெட்டியில் கட்டி அவர்கள் வாசலில் கொண்டுபோய் வைத்தேன். நசுங்கியதும் வெடித்ததுமாகக் கூரையைத் தொடுகிற அளவுக்குக் கிடங்கை நிரப்பிவிட்டு, கதவைப் பூட்டிக்கொண்டு, அவர்கள் இருவரும் மகள் வீட்டுக்குப் போனார்கள். பேரனுக்கு உடம்பு சரியில்லை.

அவர்கள் ஊரில் இல்லாத அந்த நாட்கள் நல்ல நாட்கள். இரண்டு புத்தகங்கள் முடித்தேன். குழாயின் சிமெண்டை உடைக்கலாம் என்று ஒருமுறை தோன்றியது. அதற்கு உளி வேண்டும். உளி மைக் வீட்டில் இருந்தது.

திரும்பி வந்த அன்று மாலை வெளிச்சம் இருக்கும்போதே கிடங்குக் கதவு திறக்கும் சத்தம் கேட்டது. "அப்பா, என்ன நாத்தம்" என்று அவர் சொன்னதும் கேட்டது. படியிறங்கும்போதே பாட ஆரம்பித்துவிட்டார். ஊருக்குப் போன இடத்தில் பாட விட்டிருக்கமாட்டார்கள், பாவம். அந்த வராத இடம் அன்று வந்தது. சுத்தமாக வந்தது. அதற்கு அடுத்த வரியில் பாட்டு நின்றது. பெட்டி ஏதோ சரிவதுபோல் தரையில் ஓர் அதிர்வு. அப்புறம் இல்லை.

நான் பக்கத்தைப் புரட்டினேன். எந்தப் புத்தகம், எந்தப் பக்கம் என்பதுகூடச் சொல்ல முடியும், ஆனால் அது உங்களுக்குத் தேவைப்படாது. பறவைகள் அடைகிற நேரம். தையல் இயந்திரம்கூட ஓடவில்லை. அந்த வீட்டில் எனக்குக் கிடைத்த முழுமையான அமைதி அதுதான். நான் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு சும்மா இருந்தேன்.

பிறகு அவள் சுவரோரம் வந்தாள். எதன்மீதோ ஏறி நின்றிருக்க வேண்டும், தோள்வரை தெரிந்தாள். கழுத்தில் அளவு நாடா தொங்கியது.

"அண்ணா, படிக்கிறீங்களா? மன்னிச்சுக்குங்க. இவர் பாட்டைப் பாதியில விட்டுட்டார். கூப்பிட்டா ஏன்னுகூடக் கேக்கல."

நான் அவளைப் பார்த்தேன்.

"வெளையாடறாரோ என்னவோ. பேரன்கிட்ட ஒளிஞ்சு வெளையாடி அதே புத்தி வந்திருக்கும். கத்திக் கூப்பிடலாம்னா, நீங்க படிக்கிற நேரம். அதான் யோசனையா இருக்கு."

அவள் திரும்பிக் கிடங்கு வாசலைப் பார்த்தாள். மறுபடி என்னைப் பார்த்தாள். எனக்கு விஷயம் தெரிந்திருக்கும் என்று எப்போதும் நம்புகிறவள். பத்திரம், வரி, வழக்கு, எதுவானாலும் என்னைக் கேட்டுவிட்டுத்தான் செய்வாள்.

"நானே எறங்கிப் பாத்துட்டு வரட்டுமாண்ணா?"

அவளிடம் நான் என்ன சொன்னேன் என்று கேட்கிறீர்கள். ஒன்றும் சொல்லவில்லை. போ என்றோ, இறங்கு என்றோ என் வாயிலிருந்து ஒரு சொல் வரவில்லை. எந்தச் சாட்சியைக் கேட்டாலும் அதைத்தான் சொல்வார்கள். எங்கள் நீதிமன்றத்தில் கூண்டில் நிற்பவர் வாயைத் திறந்து சொன்னால்தான் பதிவு செய்வோம். தலையசைப்பை எழுத வழியில்லை, அது பதில் ஆகாது.

நான் தலையை மட்டும்தான் ஆட்டினேன்.