காயம்: இல்லை

தங்கச்சி: தள்ளி உக்காருங்கண்ணே, இஸ்திரிப் பெட்டி சுட்டுடப் போகுது.

அண்ணன்: உன்னை வேலைய விட்டு நிறுத்திப் பத்து நாளாச்சு. யாருக்கு இந்த ஆயா கோட்டைத் தேய்க்கிற?

தங்கச்சி: தற்காலிகமாத்தானே நிறுத்தியிருக்காங்க. விசாரணைக்குக் கசங்கிப் போய் நிக்கவா?

அண்ணன்: கொழுப்பு... பதினோரு மணிக்கு என்ன சொல்லப் போற?

தங்கச்சி: கேட்டதுக்குப் பதில் சொல்வேன்.

அண்ணன்: அதான் எனக்குப் பயமே. இங்க பாரு, நோட்டுல என்ன இருக்கோ அதை மட்டும்...

தங்கச்சி: எந்த நோட்டு?

அண்ணன்: தெரியாத மாதிரி கேக்கறதைப் பாரு! பிள்ளைங்க துணியை நனைச்சுட்டா மாத்திவிட்டு எழுதுவியே, அது. பேரு, மணி, ‘உடம்பில் காயம் உண்டா’. அந்தக் குட்டிப் பொண்ணு பேருக்கு நேரா ‘இல்லை’ன்னு உன் கையெழுத்துதானே?

தங்கச்சி: என் கையெழுத்துதான்.

அண்ணன்: முடிஞ்சுது. ‘மாத்துனப்ப காயம் இல்லை’ன்னு சொல்லு. திங்கக்கிழமை வேலைக்குப் போயிடலாம்.

தங்கச்சி: அந்த ‘இல்லை’யை எப்ப எழுதினேன் தெரியுமா?

அண்ணன்: மாத்தி முடிச்சதும்...

தங்கச்சி: காலைல எட்டு மணிக்கு. ஒரு பிள்ளைகூட வரல. எல்லாப் பேருக்கும் நேரா, மேலேர்ந்து கீழ வரைக்கும் இல்லை, இல்லை, இல்லை... தினமும் அப்படித்தான். பிள்ளைங்க வந்தப்புறம் ஈரக் கையோட பேனா பிடிக்க எங்க நேரம்?

அண்ணன்: அடிப்பாவி!

தங்கச்சி: நல்லாத் திட்டுங்க. மத்தியானம் மாத்திவிடறேன்... காலுக்குப் பின்னாடி ஸ்கேல் தடிப்பு. வரிவரியா. ‘மிஸ்ஸா?’ன்னேன். ஆமான்னு தலையை ஆட்டுச்சு.

அண்ணன்: அப்பவே போய்ச் சொல்றதுக்கென்ன?

தங்கச்சி: பெரிய மிஸ்கிட்ட ஓடினேன். அவங்க நோட்டைத் திருப்பிக் காட்டினாங்க. ‘நீதானே இல்லைன்னு எழுதியிருக்க?’ன்னாங்க. திரும்பி வந்துட்டேன்ணே. அந்த வெக்கம் இன்னும் போகல.

அண்ணன்: இப்ப சொன்னா மட்டும்? பொய்யா எழுதினவன்னு ஒரேயடியா அனுப்பிடுவாங்க. வேற எந்த ஸ்கூல்லயும் வாசப்படி மிதிக்க விட மாட்டாங்க. ஒத்தை ஆளா ரெண்டு பிள்ளைய வச்சுக்கிட்டு...

தங்கச்சி: தெரியும்.

அண்ணன்: தெரிஞ்சுமா?

தங்கச்சி: நோட்டு சுத்தமா இருந்தா, திங்கக்கிழமை நான் மட்டுமா உள்ள போவேன்? லீவுல அனுப்பியிருக்காங்களே அந்த மிஸ், அதுவும் போகும். அதே வகுப்புக்கு. அதே குட்டி முன்னாடி உக்காந்திருக்கும்.

அண்ணன்: அதுக்காக உன் பொழைப்பைக் கெடுத்துக்குவியா?

தங்கச்சி: என்னை நிறுத்தினாங்க, வாட்ச்மேனை நிறுத்தினாங்க, நீங்க ஓட்டற ஸ்கூல் வண்டியைப் பிடுங்கினாங்க. பரவால்ல. பேர் சொல்லாம போன் பண்ணிப் புகார் சொன்ன அந்தப் புண்ணியவான் நல்லா இருக்கட்டும்.

அண்ணன்: புண்ணியவான்னு சொல்லாத.

தங்கச்சி: ஏன், உங்களுக்கென்ன வந்துச்சு? என்னண்ணே... மூஞ்சி இப்படிப் போகுது?

அண்ணன்: நான்தான்... போன் பண்ணேன். அன்னிக்கு வண்டில அந்தக் குட்டி உக்காரவே இல்ல. கம்பியைப் பிடிச்சுக்கிட்டு நின்னுச்சு. அதட்டி உக்கார வைக்கப் போனேன். அப்பதான் காலைப் பார்த்தேன்.

தங்கச்சி: அண்ணே...

அண்ணன்: பேரைச் சொல்லல. சொன்னா வேலை போயிடும்னு பயம். மிஸ்ஸை மட்டும்தான் பிடிப்பாங்கன்னு நினைச்சேன்... உன் தலையில வந்து விடிஞ்சுது. உன்னை அங்க சேத்துவிட்டவனே நான். அதான் கெஞ்சறேன். நோட்டுப்படியே சொல்லிடும்மா.

தங்கச்சி: நேத்தே போய் எல்லாத்தையும் எழுதிக் குடுத்துட்டேன்ணே, காலைலயே ‘இல்லை’ போடுற கதை முதற்கொண்டு. இன்னிக்குக் கையெழுத்து மட்டும்தான். ‘வேற யாராவது பார்த்தாங்களா?’ன்னு அந்த விசாரணை அம்மா கேட்டாங்க, தெரியாதுன்னுட்டேன். எந்திரிங்க, செருப்பை மாட்டுங்க... என் பக்கத்துல வந்து உக்காந்து, உங்க பேரைச் சொல்லுங்க.