மூணுல எது நல்லா இருக்கு?

தம்பி: திரும்பாதேக்கா… சுவரப் பாத்தே உக்காரு.

அக்கா: என்னடா இது, கண்ணக் கட்டிக் காட்டுல விட்ட மாதிரி…

தம்பி: கம்ப்யூட்டர் திரையப் பாத்தா காது வேலை செய்யாது, கண்ணுதான் வேலை செய்யும். யாரு சொன்னது?

அக்கா: நான்தான்.

தம்பி: அப்ப சொன்னவங்க கேக்கணும்ல? ஹெட்போன நல்லா மாட்டிக்கோ.

அக்கா: மணி என்ன?

தம்பி: மூணே முக்கால். அஞ்சு மணிக்குள்ள பாட்டு கம்பெனிக்குப் போயாகணும்.

அக்கா: மெட்டு முடிஞ்சுது, பாடி முடிஞ்சுது, கலந்து முடிஞ்சுது. கடைசி மெருகுதான் பாக்கி. அந்த மாஸ்டரிங்க எந்த சாஃப்ட்வேர்ல பண்றதுன்னு ஒரு மாசமா கல்யாணத்துக்குப் பொண்ணு பாக்குற மாதிரி பாக்குறே.

தம்பி: மூணுக்கும் ஒரு மாசம்தான் ஓசி. இன்னியோட முடியுது. ஒண்ணத்தான் வச்சுக்க முடியும். இந்தப் பாட்டு அவங்களுக்குப் பிடிச்சா மிச்சம் ஒம்பது பாட்டும் நமக்கு. பிடிக்கலேன்னா…

அக்கா: பிடிக்கலேன்னா நீ விட்டுட்டு வந்த ஆபீஸ் வாசல்ல போய் நிப்பே. நான் மறுபடியும் பாட்டு டியூஷன் எடுப்பேன். வாயக் கழுவுடா. போடு.

தம்பி: இது மொத சாஃப்ட்வேர்.

அக்கா: ம்… இறுக்கமா இருக்கு. பாட்டுக்கு மூச்சு விட இடமில்ல.

தம்பி: இது ரெண்டாவது.

அக்கா: ஆ! இது பாரு… தபலா கும்முனு உக்காந்திருக்கு. குரல் முன்னால வந்து நிக்குது.

தம்பி: மூணாவது.

அக்கா: ஐயோ, வேணாம். ‘ச’ வர்ற இடமெல்லாம் ஊசி குத்துது. ரெண்டாவதுதான். வேற பேச்சே இல்ல.

தம்பி: நிச்சயமா?

அக்கா: என் காதையா சந்தேகப்படுறே? பக்கத்து வீட்டு மிக்ஸி எந்த சுருதியில ஓடுதுன்னு சொன்னவடா நான்!

தம்பி: சொன்னே… சொன்னே.

அக்கா: என்ன இழுக்குறே?

தம்பி: மூணும் ஒரே ஃபைல்க்கா.

அக்கா: என்னது?

தம்பி: ஒண்ணத்தான் மூணு தடவ போட்டேன்.

அக்கா: அடப்பாவி! அக்காவுக்கே பரீட்சையா? வேற வேறன்னு சொல்லிப் போட்டா வேற வேறயாத்தான்டா கேக்கும். எப்பேர்ப்பட்ட ஆளும் இதுல ஏமாறுவான்.

தம்பி: நானும் அப்படித்தான் நெனச்சேன். அதனாலதான் நாலாவதா ஒண்ணு வச்சிருக்கேன். இது நெஜமாவே வேற.

அக்கா: விளையாட நேரமில்லடா…

தம்பி: ஒரே ஒரு தடவ.

அக்கா: போட்டுத் தொலை… ம்… நல்லா இருக்குடா. இதமா இருக்கு.

தம்பி: வயலின்?

அக்கா: வயலினுக்கு என்ன?

தம்பி: எப்படி இருக்கு?

அக்கா: தேன் மாதிரி இருக்கு. ஏன்?

தம்பி: வயலின் முழுக்க இடது பக்கம் வச்சிருக்கோம்க்கா.

அக்கா: தெரியும். நான்தானே வைக்கச் சொன்னேன்.

தம்பி: இப்பப் போட்டதுல இடது பக்கத்த மொத்தமா அணைச்சிட்டேன். அதுல வயலினே இல்ல.

அக்கா: ஒயரு லூசுடா. அந்த ஜாக்கு எப்பவுமே கொரகொரன்னு…

தம்பி: நீ மாட்டுறதுக்கு முன்னாடி நான் மாட்டிக் கேட்டேன். ஒயர் நல்லா இருக்கு.

அக்கா: அப்ப சளி. ரெண்டு நாளா காது அடைச்ச மாதிரி…

தம்பி: பூனை கண்ண மூடிக்கிட்டா உலகம் இருண்டுடாதுக்கா. போனை வலது காதுக்கு மாத்திட்டே. சாப்பிட உக்காந்தா எனக்கு இடது பக்கமா வந்து உக்காருறே. நான் உனக்கு இடது பக்கமா நின்னு கூப்பிட்டா…

அக்கா: வேவு பாத்தியா?

தம்பி: போன வாரம் குடுத்த பாட்டு திரும்பி வந்துடுச்சு.

அக்கா: எது? அந்தத் தாலாட்டா? நல்லா இருக்குன்னு சொன்னாங்கன்னு சொன்னியே!

தம்பி: பொய் சொன்னேன். இடது பக்கம் காட்டுக் கத்தலா இருக்கு, குழந்தை தூங்குமான்னு கேட்டு எழுதியிருந்தாங்க. நீ சரின்னு சொன்ன பாட்டுக்கா அது. வேற ஒருத்தர்கிட்ட குடுத்து சரி பண்ணி அனுப்பினேன்.

அக்கா: என் முதுகுக்குப் பின்னாலயா? எவன்டா என் வேலையில கை வச்சது?

தம்பி: கத்தாதே.

அக்கா: கத்துவேன்! பத்து வருஷம் இந்தக் காத நம்பித்தானேடா பாட்டு வெளிய போச்சு! ஒரு வார்த்தை… ஒரே ஒரு வார்த்தை எங்கிட்ட சொல்லியிருக்கலாம்ல?

தம்பி: நீ சொன்னியா? டாக்டரப் பாத்தியா?

அக்கா: பாத்தேன்.

தம்பி: தனியாவா போனே?

அக்கா: பின்ன, மேளதாளத்தோட போவாங்களா?

தம்பி: என்ன சொன்னாரு?

அக்கா: உள்ள நரம்பு அடிபட்டிருக்காம். மாத்திரை குடுத்தாரு, முழுங்கினேன். இடது காது இனிமே கேக்காதுன்னுட்டாரு.

தம்பி: அக்கா…

அக்கா: அழாதே. எனக்கு ஆத்திரமா வரும். ஒரு காது இருக்குல்ல? வாழ்ந்துட்டுப் போறேன்.

தம்பி: ஏன் எங்கிட்ட மறைச்சே? நான் என்ன மூணாம் மனுஷனா? வேற ஆள் வச்சுக்குவேன்னு பயந்தியா?

அக்கா: ஆமா. அப்படித்தான் வச்சுக்கோ.

தம்பி: பொய். என்னைப் பாத்துச் சொல்லு.

அக்கா: சுவரப் பாக்கச் சொன்னது நீதானே?

தம்பி: நரம்பு சும்மா அடிபடாது. எப்படி ஆச்சு?

அக்கா: வயசாகுதுல்ல?

தம்பி: நாப்பத்தொண்ணு ஒரு வயசா?

அக்கா: நச்சரிக்காதே. மணி நாலே கால். இந்தப் பாட்ட அந்த ஆள்கிட்டயே குடு, ரெண்டு காதோட கேட்டு முடிக்கட்டும். கெளம்பு.

தம்பி: நீ சொல்லாம நான் இந்த நாற்காலிய விட்டு எந்திரிக்க மாட்டேன்.

அக்கா: ஒம்பது பாட்டுடா! புத்தி கெட்டவனே, உன் பொழப்புடா!

தம்பி: போகட்டும்.

அக்கா: சொன்னா உனக்குத்தான்டா கஷ்டம்…

தம்பி: எனக்கா? எனக்கு என்ன கஷ்டம்? அக்கா… எனக்கு என்ன?

அக்கா: மூணு சாஃப்ட்வேரையும் நீ ஏத்தின அன்னிக்கு… நான் உனக்குப் பின்னால தரையில உக்காந்து, ஹெட்போன்ல ஒரு பக்கத்த இடது காதுல அழுத்திப் பிடிச்சுக்கிட்டு, ஒயர் கொரகொரங்குதான்னு பாத்துட்டிருந்தேன். நீ கவனிக்கல. சத்தம் எல்லை மீறாம பிடிச்சு வைக்குற லிமிட்டர எடுத்துட்டு, வால்யூம முழுசா ஏத்தி ப்ளே அழுத்தினே. நான் பிடுங்கி எறியுறதுக்குள்ள, சத்தம் பூரா ஹெட்போனுக்குப் போறது தெரியாம, ஸ்பீக்கர்ல சத்தமே வரலியேன்னு சொல்லி… இன்னும் ரெண்டு தடவ அழுத்தினேடா.