பெயருக்குக் கீழே ஒரு வரி

தேயிலை வறுபடும் வாசனை எங்கே வந்தாலும், எழுபதுகளில் தாப்பா டவுனுக்குப் போன அந்த பஸ் எனக்குள் வளைந்து வளைந்து மலையிறங்கத் தொடங்கிவிடும். முன் சீட்டில் தோட்டத்துப் பெண்கள் இருவர். இளையவள், மகளுக்கு நிச்சயம் முடிந்த கையோடு கல்யாணப் பத்திரிகை அடிக்கக் கொடுக்கப் போய்க்கொண்டிருந்தாள்.

“மாப்ள ஆபிஸ்ல கணக்கு எழுதுறாருல்ல, அவரு பேருக்குக் கீழ ஆபிஸ் கிராணின்னு போடணுமாம்க்கா. எம்மவ, ‘அப்ப எம்பேருக்குக் கீழ கொழுந்து எடுக்கிறவன்னு போடு’ங்கிறா.”

“ஐயோ! பொண்ணு பேருக்குக் கீழ வேலையப் போட்டு எவடி பாத்திருக்கா? சம்பந்தியம்மா என்ன சொன்னா?”

“மூஞ்சி சுருங்கிப்போச்சு. ‘அந்த எடத்த வெறுமனே விட்டுருங்க’ன்னாங்க. இவ வெத்தலத் தட்ட அவங்க பக்கமே தள்ளிட்டா. ‘இந்தக் கை எடுத்த கொழுந்துலதான் எந்தம்பி படிக்கிறான். அத மறச்சிட்டு எனக்குத் தாலி வேணாம்’னுட்டா.”

“அடியாத்தி! மாப்ள?”

“அவருதான் தட்ட எடுத்துத் திருப்பி வச்சாரு. ‘போடுங்கத்த, எனக்கும் பெருமதான்’னாரு.”

ரிங்லெட்டில் பஸ் நின்றது. மூத்தவள் கூடையோடு இறங்கிப்போய், திரும்பி வந்து ஜன்னலைத் தட்டினாள்.

“ஏய், கிராணிய விட அந்த எழுத்து பெருசா இருக்கணும் லா! சொல்லிப்புட்டேன்!”