தணிகைவேல் மாத்திரை போடுவதில்லை

என் கையெழுத்து நன்றாக இருக்கும் என்று பள்ளிக்கூடத்திலேயே சொல்வார்கள். கரும்பலகையில் தினம் ஒரு குறள் எழுதும் வேலை ஐந்து வருடம் எனக்குத்தான். அதனால் ஃபைலில் இருப்பது யார் எழுத்து என்று பார்க்க நீங்கள் நிபுணரைக் கூப்பிட வேண்டியதில்லை, மேடம். முப்பத்தொன்றாம் எண் ஃபைலில் உள்ள அத்தனை குறிப்பும் நான் எழுதியது. போனில் பதிவு செய்துகொள்ளுங்கள்.

பெயர் ஏஞ்சலின். வயது இருபத்து நான்கு. சமூகப்பணியில் முதுகலை. கும்மிடிப்பூண்டியில் ஒரு டிரஸ்ட்டில் கேஸ் மேனேஜர், இதுதான் முதல் வேலை. பெயரில்தான் மேனேஜர், எனக்குக் கீழே யாரும் கிடையாது. நாற்பது மனநோயாளிகள் என் பொறுப்பு. மாதம் இருமுறை அவர்கள் வீட்டுக்குப் போக வேண்டும், மீதி மாத்திரையை எண்ண வேண்டும், தூக்கம், சாப்பாடு, கோபம் எல்லாம் விசாரித்து எழுத வேண்டும். டாக்டர் சென்னையிலிருந்து மாதம் ஒரு நாள் வருவார். ஒரு நோயாளிக்கு நான்கு நிமிடம். அதில் மூன்று நிமிடம் என் குறிப்பைப் படிப்பார். மீதி ஒரு நிமிடம் நோயாளியின் முகத்தைப் பார்ப்பார். இதைக் குறையாகச் சொல்லவில்லை. எப்படி நடக்கிறது என்று சொல்கிறேன்.

அந்த முப்பத்தொன்றாம் எண் தணிகைவேல், என் முதல் கேஸ். இரும்பு உருக்கு மில்லில் கிரேன் ஆப்பரேட்டர். தன்னைக் கொல்லச் சொல்லிக் கீழே யாரோ பேசுவதாகக் காதில் கேட்டு, ஒரு நாள் ஷிஃப்ட் முடிந்தும் கிரேனை விட்டு இறங்கவில்லை. நான் முதலில் போனபோது கட்டிலுக்கு அடியில் இருந்தார். எனக்கு முன்னால் போனவர்கள் எல்லாம் நின்றுகொண்டே "வெளியே வாங்க" என்றார்களாம். நான் தரையில் படுத்துக்கொண்டேன். அங்கிருந்தே பேசினேன். மூன்றாம் வாரம் என் கையைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தார். அவருடைய மனைவி நர்மதா என் காலில் விழப் பார்த்தாள். அதையும் எழுதியிருக்கிறேன், முதல் பக்கத்தில் இருக்கும்.

எட்டு மாதத்தில் தேறிவிட்டார். மில்லில் பழைய இரும்பு பிரிக்கும் இடத்தில் வேலை கொடுத்தார்கள். டிசம்பர் வரை இப்படியே இருந்தால் மறுபடி கிரேனில் ஏறலாம் என்று கடிதம் தருவதாக டாக்டர் சொன்னார். தணிகைவேலுக்கு அது ஒன்றுதான் பேச்சு. டீ குடிக்கும்போதுகூட வலது கை லீவரைத் தள்ளுவதுபோல் லேசாக அசையும்.

அக்டோபரில் எங்கள் மனநல விழா. சென்னையிலிருந்து பெரியவர்கள் வருகிறார்கள், தேறிய ஒருவர் மேடையில் பேச வேண்டும் என்று என் மேலதிகாரி துளசிராமன் சார் சொன்னார். தணிகைவேல் பேசுவார் என்று நான் சொல்லிவிட்டேன். அவர் பேச வேண்டியதை இரண்டு பக்கம் எழுதியும் வைத்தேன். விழாவுக்கு முதல் நாள் மனைவியோடு ஆபீஸுக்கு வந்தார்.

"மேடம், நான் மேடைலலாம் ஏறமாட்டேன்."

"ஏன், பயமா இருக்கா?"

"பயம் இன்னாத்துக்கு? எவனாவது போன்ல புடிச்சிப் போட்டா மில்லுல பாப்பானுங்க. முப்பது டன்னு மண்டைக்கு மேல போவும் மேடம். 'அந்தப் பைத்தியமா ஓட்றான்'னு கீழ கீறவன் தெறிச்சி ஓடிடுவான்."

"நீங்க பேசினா நாலு பேருக்குத் தைரியம் வரும்."

"நாலு பேருக்குத் தைரியம், எனக்கு வேல காலியா? நல்லா கீதே கத." சிரித்தார். "எழுதுனது நீங்க, நீங்களே படிச்சிருங்க. நான் இன்னா பொருட்காட்சில வெச்ச பொம்மையா?"

நர்மதா முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். "உடுங்க மேடம், அதுக்கு வாய்க் கொழுப்பு" என்றாள். அவளும் சிரித்தாள். பக்கத்து மேஜையில் இருந்த மெர்சி அக்காவும் சிரித்தார்.

எனக்குக் கோபம் வரவில்லை. வந்திருந்தால் அன்றைக்கே தீர்ந்திருக்கும். அந்த இரண்டு பக்கத்தையும் மடித்து அவருடைய ஃபைலிலேயே வைத்தேன். விழாவில் யாரும் பேசவில்லை. துளசிராமன் சார் என்னைப் பார்க்காமல் வேனில் ஏறினார்.

பதினைந்து நாள் கழித்து, வழக்கமான நாளில், அவர் வீட்டுக்குப் போனேன். நர்மதா மோர் கொடுத்தாள். மாத்திரை அட்டைகளை எண்ணினேன். எத்தனை மீதி இருக்க வேண்டுமோ அத்தனை இருந்தது. நன்றி சொல்லி வெளியே வந்து, ஸ்கூட்டியில் உட்கார்ந்து, 'ஒன்பது மாத்திரை அதிகம் மீதம். ஒழுங்காகப் போடுவதில்லை. மனைவி மறைக்கிறார்' என்று எழுதினேன்.

மறைக்கிறார் என்ற வார்த்தை முக்கியம், மேடம். அது இல்லாவிட்டால் நர்மதா சொல்வதை டாக்டர் நம்பியிருப்பார்.

நவம்பரில் டாக்டர் படித்தார். "மாத்திரை போடறீங்களா?" என்றார். "தெனமும் சார்" என்றார் தணிகைவேல். "என் கண்ணு முன்னாலதான் சார் போட்டுக்கறாரு" என்றாள் நர்மதா. டாக்டர் என்னைப் பார்த்தார். நான் கண்ணைத் தாழ்த்திக்கொண்டேன். அளவைக் கூட்டி எழுதினார். அவர்மேல் தப்பில்லை. போடாதவருக்குத்தான் அவர் கூட்டினார். போட்டுக்கொண்டிருந்தவர் உடம்பில் அது இறங்கியது.

இரண்டு வாரத்தில் கை நடுங்கத் தொடங்கியது. நாக்கு தடித்து, வாயோரம் எச்சில் வழிந்தது. ஃபைலில் பக்க விளைவு என்று ஒரு பத்தி உண்டு. அதில் 'இல்லை' என்று எழுதினேன்.

டிசம்பரில் மில்லில் கிரேன் சோதனை. அவர் நன்றாக இருந்தபோது குறித்த தேதி, மாற்ற முடியாது என்றார்கள். தைரியமாக இருக்கட்டும் என்று நானே கூட்டிப்போனேன். தரையில் சாக்பீஸால் ஒரு வட்டம். மேலிருந்து வெறும் கொக்கியை அதற்குள் இறக்க வேண்டும். பன்னிரண்டு வருடம் அதைச் செய்த ஆள். மூன்று முறையும் வட்டத்துக்கு வெளியே ஒரு முழம் தள்ளி இறங்கியது. பாதுகாப்பு அதிகாரி ராபின் கைகளைக் குவித்து மேலே பார்த்துக் கத்தினான்.

"அண்ணே, போதும்ணே. கை இன்னா இப்டி ஆடுது? எறங்கி வந்துருங்க."

அவர் இறங்கி வர நேரமாயிற்று. ஒவ்வொரு படியிலும் நின்றார். நான் தலைக்கவசத்தோடு கீழே நின்று, "பாத்து, மெதுவா" என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

ஜனவரியில் ஆபீஸுக்கு வந்து மேஜையை அடித்தார். "இன்னாடி எழுதி வெச்சிக்கிற அதுல? ஒரு நாளு மாத்திர உட்டிருப்பனா? கர்த்தர் மேல சத்தியமா சொல்லு, உங்க சாமி மேலயே சொல்லு." தண்ணீர் டம்ளர் விழுந்தது. நேரம் போட்டு எழுதினேன்: பதினொன்று இருபது, ஆக்ரோஷம். அது பொய் இல்லை. மெர்சி அக்காவும் சாட்சிக் கையெழுத்துப் போட்டார். அந்தக் கையெழுத்தோடு அவரை ஆஸ்பத்திரியில் சேர்க்க எல்லாருக்கும் சுலபமாக இருந்தது. இரண்டு மாதம் இருந்தார். அதற்குள் கிரேனில் வேறு ஆள் வந்துவிட்டான். மில்லிலிருந்து இனி வர வேண்டாம் என்று கடிதமும் வந்துவிட்டது.

இந்த வாரம்தான் நர்மதா ஒரு துணிப்பையைக் கொண்டுவந்து துளசிராமன் சார் மேஜையில் கொட்டினாளாம். எல்லாம் காலி அட்டை. ஒவ்வொன்றிலும் எந்த வாரம் முடிந்தது என்று தேதி. ஒரு நாள்கூடத் தவறவில்லை. அதனால்தான் நீங்கள் விசாரிக்க வந்திருக்கிறீர்கள். காலி அட்டையில் தேதி போட்டு வைக்க அவளுக்குச் சொல்லிக்கொடுத்தது நான்தான் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். நல்ல பழக்கம் அது.

பழி வாங்கினாயா என்று சார் கேட்டார். இல்லை. அன்று ஆபீஸில் சிரித்த ஆளை எனக்குத் தெரியாது. கட்டிலுக்கு அடியில் இருந்தவரைத்தான் எனக்குத் தெரியும். அவருக்கு நான் தேவைப்பட்டேன். என் முன்னால் அப்படிச் சிரிக்கிற ஒருவர் முழுதாகக் குணமாகியிருக்க முடியுமா என்று நீங்களே யோசித்துப் பாருங்கள். ஆமாம், அட்டைகளை எண்ணினேன், சரியாக இருந்தது, தெரிந்தே மாற்றி எழுதினேன். மூன்று மாதம், ஆறு தடவை. இதற்குமேல் ஒப்புக்கொள்ள என்னிடம் ஒன்றும் இல்லை.

ஒரே ஒரு வேண்டுகோள். அவருடைய ஃபைலைப் புது ஆளிடம் கொடுத்துவிடாதீர்கள். வீட்டுக்கு வந்த பிறகு அவர் யாரோடும் பேசுவதில்லை, நர்மதாவோடுகூட. ஆனால் போன வாரம் நான் வாசலில் செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்டதுமே எழுந்து நின்றுவிட்டார். நான் ஒன்றும் கேட்கவில்லை, மேடம். அவராகவே வாயைத் திறந்து, மாத்திரையை விழுங்கிவிட்டதாக நாக்கைத் தூக்கிக் காட்டினார். நான் போதும் என்று சொல்கிறவரை மூடவில்லை.

நாற்பது பேரில் இவ்வளவு நம்பிக்கையோடு என்னிடம் பழகுகிறவர் அவர் ஒருவர்தான்.