குழாய்க்கு ஒரு கோளாறும் இல்ல

...அதைத்தான் நானும் சொல்றேன், குழாய்க்கு ஒரு கோளாறும் இல்ல. நீ எத்தனை தடவை திருகிப் பாத்தாலும் அது அப்படியேதான் இருக்கும். சொட்டுதா? சொட்டல. நாத்தம் அடிக்குதா? அதுவும் இல்ல. அப்புறம் எதுக்கு என்னை அப்படிப் பாக்குற? ஐயோ, சிங்க்குக்கு அடியில போகாதப்பா, பழைய துணியெல்லாம் அங்கதான் அடைச்சு வச்சிருக்கேன்... சரி, போயிட்டே. கீழ மெயின் வால்வை வேற மூடிட்டு வந்திருக்கியாமே? ஒண்ணுமில்லாத குழாய்க்காக மொத்தக் கட்டடத்துக்கும் தண்ணியை நிறுத்தியாச்சு! யாரு வந்து சண்டை பிடிக்கப் போறாங்களோ தெரியல.

தம்பின்னு கூப்பிடலாமில்ல? மீசை நரைச்சிருக்கு, பரவாயில்ல, எனக்கு நீ தம்பிதான்.

எல்லாம் என் பொண்ணு பண்ற வேலை. பல் டாக்டரு. ஒரு விஷயம் கையில மாட்டிச்சுன்னா வேரோட பிடுங்காம விடமாட்டா. அவதானே உன்னை அனுப்பினா? "எங்கம்மா வீட்டுக்கு எந்நேரமும் ஒரு பிளம்பர் வந்துக்கிட்டே இருக்கான், அம்மாவை நல்லா ஏமாத்துறான், நீங்க போய் எல்லாத்தையும் பாத்துட்டு எனக்கு ஃபோன் பண்ணுங்க"ன்னு சொல்லியிருப்பா. அப்படியே சொன்னாளா? பாத்தியா! பெத்தவளுக்குத் தெரியாதா.

இப்ப என் நிலைமையை யோசிச்சுப் பாரு. குழாயெல்லாம் மோசம்னு நீ சொன்னேன்னு வச்சுக்கோ, "அந்த ஓட்டை வீட்டுல ஒண்டியா கிடக்காதே, கிளம்பி இங்க வா"ம்பா. எனக்குன்னு ஒரு ரூமுக்குப் பெயின்ட் எல்லாம் அடிச்சு வச்சிருக்கா. போனா திரும்ப விடமாட்டா. சரி, குழாய் நல்லா இருக்குன்னு நீ சொன்னேன்னு வச்சுக்கோ... "அப்ப இத்தனை நாளா வந்து போனவன் யாரு?"ம்பா. எந்தப் பக்கம் திரும்பினாலும் மாட்டிக்கிட்டேன். உன் வாயிலதான் என் தலையெழுத்து இருக்கு, நீ என்னடான்னா ஸ்பானரைத் தேடிக்கிட்டிருக்கே. அதோ, உன் முழங்காலுக்குக் கீழ.

நீ ரொம்பப் பேசமாட்டே போல. எங்க வீட்டுக்காரரும் இப்படித்தான். கடிகாரம் ரிப்பேர் பண்ணுவாரு. கண்ணுல அந்த லென்ஸை இடுக்கிக்கிட்டுக் குனிஞ்சாருன்னா உலகமே தெரியாது. நான் இங்க அடுப்பாண்ட நின்னுக்கிட்டு ஊர்க்கதை பூராப் பேசுவேன், அவரு அந்த ரூம்ல இருந்து "ம்"பாரு. எதைச் சொன்னாலும் "ம்". வீடு பத்தி எரியுதுன்னாலும் "ம்"தான். எரிச்சலா வரும். ஒரு நாள் அப்படித்தான் பேசிக்கிட்டே இருந்தேன்... "ம்" வரல. சரி, சின்ன ஸ்க்ரூ ஏதோ பாக்குறாரு போலன்னு இன்னும் கொஞ்சம் பேசினேன். வரல. அப்புறம்தான் போய்ப் பாத்தேன்.

சரி விடு. ஆச்சு, அது ஆகி வருஷக்கணக்காச்சு.

அதுக்கப்புறம் யார்கிட்ட பேசறது சொல்லு. டிவியைப் போட்டா அது பேசும், நாம பேசறதைக் கேக்காது. வாஷிங் மெஷின்கிட்ட கொஞ்ச நாள் பேசினேன். சிரிக்காதே. அதுவும் "ம்ம்ம்"ன்னுதானே ஓடும்? அது நின்னு போச்சுன்னா வீட்டுல ஒரு சத்தம் இருக்காது, அதுக்காகவே தோய்ச்ச துணியை மறுபடியும் போடுவேன். பைத்தியம் பிடிக்காததுதான் பாக்கி.

அப்பதான் இந்த டிரைவர் வந்து சேந்தாரு. கீழ் வீடு. ஊரெல்லாம் பஸ் ஓட்டி ரிட்டயர் ஆனவரு. அவரு சம்சாரமும் போயிடுச்சு. அந்த மனுஷனுக்குத் துணி புழிஞ்சு போடத் தெரியாது! மொட்டைமாடிக் கொடியில அப்படியே தண்ணியோட தூக்கிப் போட்டுட்டுப் போயிடுவாரு. அது சொட்டுச் சொட்டா, கீழ்க் கொடியில காயற என் புடவை மேல. ஒரு நாள் பாத்தேன், ரெண்டு நாள் பாத்தேன், நேரா கீழ போய்க் கதவைத் தட்டிட்டேன். "ஏங்க, உங்க கையில என்ன எலும்பு இல்லையா?"ன்னு கேட்டேன். மனுஷன் கதவைப் பிடிச்சுக்கிட்டு, "இதுவரைக்கும் நான் துணி காயப் போட்டதில்லைங்க"ன்னாரு. முகத்தைப் பாத்ததும் எனக்குச் சண்டை போடற தெம்பே போச்சு. மாடிக்குக் கூட்டிட்டுப் போய், பெட்ஷீட்டுல ஒரு முனையை அவரு பிடிக்க, ஒரு முனையை நான் பிடிக்க, முறுக்கிக் காட்டினேன்.

அன்னையிலேருந்து டீக்கு வர ஆரம்பிச்சாரு. இவரு "ம்" சொல்ற ஜாதி இல்லப்பா! நான் ஒரு வார்த்தை சொன்னா, "இல்ல, அது அப்படி இல்ல"ன்னு ஆரம்பிப்பாரு. எதிர்த்துப் பேசுவாரு! என்னை ரேடியோன்னு கூப்பிடுறாரு, ரேடியோன்னு! டீ ஆறிப்போகும், சண்டை ஆறாது. ஆனா சிரிச்சாருன்னா... ஹாரன் அடிச்ச மாதிரி இருக்கும். இந்த வீட்டுல அப்படி ஒரு சத்தம் கேட்டு எவ்வளவு நாளாச்சு தெரியுமா?

அந்தச் சிரிப்புதான் வினை. ஒரு நாள் பொண்ணு ஃபோன்ல இருக்கா, இவரு பின்னாடி டம்ளர் கழுவிக்கிட்டே எதுக்கோ சிரிச்சுட்டாரு. "யாரும்மா அது, ஆம்பளைக் குரல்?"ன்னா. திரும்பிப் பாத்தா குழாய்ல கை வச்சுக்கிட்டு நிக்கறாரு. "பிளம்பர்டி"ன்னுட்டேன். அவ்வளவுதான்! அடுத்த தடவை இருமினாரு, பிளம்பர். அதுக்கடுத்த தடவை பாட்டுப் பாடினாரு, அதுக்கும் பிளம்பர். உலகத்துல எந்தப் பிளம்பராவது சிங்க்கைப் பாத்துப் பாடுவானா? நீ பாடுவியா?

உண்மையைச் சொல்ல வேண்டியதுதானேன்னு நீ நினைக்கறது தெரியுது. அவ அவங்கப்பா கட்டின வாட்ச்சைக் கையில கட்டியிருக்காப்பா. ஆம்பளை வாட்ச்சு, மணிக்கட்டுல லொடலொடன்னு ஆடும். காலையில எழுந்ததும் முதல்ல அதுக்குத்தான் சாவி குடுப்பா. அவகிட்டப் போய் என்னன்னு சொல்றது?

அதோட விட்டுச்சா? போன வாரம், "அந்த ஆள்கிட்டக் குடும்மா, நான் பேசறேன்"ன்னுட்டா. இவருக்குக் குழாயைப் பத்தி என்ன தெரியும்? குடுத்தேன். "லைன்ல பிரேக் சரியில்லம்மா, ஓவர் லோடு, இஞ்சினை இறக்கிப் பாத்தாத்தான் தெரியும்"னாரு! அப்பதான் அவளுக்குச் சந்தேகம் வந்துடுச்சு. ஏமாத்துக்காரன்னு முடிவே பண்ணிட்டா. அதுக்குத்தான் நீ.

அவரும் ஃபோனை வச்சுட்டு எழுந்துட்டாரு. சிரிப்பில்ல, ஒண்ணுமில்ல. "இதோ பாருங்க, இந்த வயசுல எனக்கு வேஷம் கட்டத் தெரியல. பிளம்பரா இனிமே வரமாட்டேன். மனுஷனா என்னைக்குக் கூப்பிடுறீங்களோ அன்னைக்கு வரேன்"னுட்டுப் போனவருதான். இன்னும் மேல வரல. எனக்கும் ரோஷம் இருக்கு, நானும் போகல. ஆனா டீத்தூள் போடும்போது கை ரெண்டு பேருக்குத்தான் போடுது. கொட்டவும் மனசு வரல, நானே ரெண்டையும் குடிச்சுட்டு ராத்திரி கொட்டக் கொட்ட முழிச்சுக்கிட்டிருக்கேன்.

என்னப்பா, உன் ஃபோன் அடிக்குது. எடு... ஐயய்யோ, அவளா? எடுக்காதே! இல்ல, எடு, எடுக்கலன்னா இன்னும் சந்தேகப்படுவா. குழாய் மோசம்னு சொல்லிடாதே. நல்லா இருக்குன்னும் சொல்லிடாதே! ஏதாவது நடுவுல... ஏன் என்கிட்ட நீட்டறே? கை ஈரமா? துடைச்சுக்கோயேன், இந்தா துணி. இல்லையா? நானே பேசணுமா? நீ வாயைத் திறக்காத ஆளுன்னு நினைச்சேன், பெரிய ஆளுதான் நீ.

ஹலோ... நான்தாண்டி. இருக்காரு, சிங்க்குக்கு அடியில. இல்ல கண்ணு, குழாய்க்கு ஒண்ணும் இல்ல. எதுவும் மாத்த வேண்டாம். இருடி, நான் சொல்லி முடிச்சுடறேன், நடுவுல நிறுத்தினா எனக்கு மறுபடி தைரியம் வராது. அவரு பிளம்பர் இல்ல. கீழ் வீட்டு டிரைவர். பாட்டும் அவருதான், இருமலும் அவருதான். நான்தான் பொய் சொன்னேன், அவரு ஒரு தப்பும் பண்ணல. டீ குடிக்க வருவாரு... டீக்கு மட்டும் இல்லடி. எனக்கு அவரைப் பிடிச்சிருக்கு. மிச்ச காலத்துக்கு அவரு கூட இருந்தா நல்லா இருக்கும்னு தோணுது. உன் ஊருக்கு நான் வரல.



என்னடி கேட்டே? அப்பாவை மறந்துட்டேனாவா? போடி இவளே. அவரைப் பத்திப் பேசறதுக்குத்தானே இந்த மனுஷனை உக்கார வச்சிருக்கேன்! உங்கப்பா லென்ஸைத் தொலைச்சது, உன்னைத் தூக்கிட்டுப் போய்க் கடையிலயே மறந்து வச்சுட்டு வந்தது, எல்லாம் கேட்டுக் கேட்டு அவருக்குக் காது புளிச்சுப் போச்சு. இன்னொரு தடவை சொல்லுங்கம்பாரு, அதையும் கேப்பாரு. ...அழறியா? அழு. எனக்கும்தான் வருது.

அவரு என்ன சொல்றாரா? அவர்கிட்ட இன்னும் கேக்கலடி. முதல்ல உன்கிட்டத்தான்... யாரது, கதவைத் தட்டறது?

ஐயோ. நீங்களா? என்னங்க இது, தலையெல்லாம் சோப்பு? ஆமாமா, தண்ணி நின்னு போச்சு, எல்லாம் இந்தப் பிளம்பர்... தம்பி? தம்பி! பாருங்க, பையைத் தூக்கிக்கிட்டு உங்களைத் தாண்டியே போயிருக்கான். சொல்லாமக் கொள்ளாம! வால்வையாவது திறந்துவிட்டானா?... ஆங், வருது, சத்தம் கேக்குது.

எவ்வளவு நேரமா நிக்கறீங்க வாசல்ல? எதுவரைக்கும் கேட்டீங்க? ...எல்லாமா?

ஏங்க, ஏதாவது சொல்லுங்களேன். நான் என்ன சொன்னாலும் "இல்ல, அது அப்படி இல்ல"ம்பீங்களே, இதுக்கு ஒண்ணும் இல்லையா?... இல்லையா?

சரி, கண்ணுல சோப்பு இறங்குது, இந்தாங்க துண்டு. துடைச்சுட்டு இந்த ஃபோனைப் பிடிங்க. என் பொண்ணுதான், லைன்ல இருக்கா. யாரு பேசறதுன்னு கேப்பா. உங்க பேரைச் சொல்லுங்க.