நடுவுல இருக்கிற நேரம்

— ஆஸ்லின் டீச்சர், இது நான் நடத்துற காலேஜு. குறி சொல்ற இடம் இல்ல. உன் ரூமுக்குப் பூட்டுப் போடச் சொல்லிட்டேன். ஜூன்ல இருந்து சைக்காலஜி கிடையாது.

— சேதுபதி சார், அது ஒடைஞ்ச பெஞ்சு அடுக்கி வச்சிருந்த ரூம்பு. நானும் பிள்ளைகளும்தான் கூட்டிப் பெருக்கி லேப் ஆக்குனோம்.

— லேப்பா? கெமிஸ்ட்ரிக்கு லேப் இருக்கு, ஆசிட்டு இருக்கு, பட்டா கை வெந்துபோகும். உன் லேப்புல என்ன இருக்கு? ஒரு பல்பு, ஒரு பட்டன். பல்பு எரிஞ்சா பட்டனை அமுக்கணுமாம். எங்க முதுகுளத்தூர்ல தீவனச் சட்டியத் தட்டுனா ஆடு திரும்புது. அதுக்கும் பட்டம் குடுத்துரலாமா?

— எவ்வளவு நேரத்துல திரும்புதுன்னு அளந்திருக்கீங்களா சார்?

— எனக்கு வேற சோலி இருக்குத்தா.

— எல்லாரும் அப்படித்தான் சார் இருந்தாக. மனசைத் தொட முடியாது, நிறுக்க முடியாது, தத்துவம் பேசுறவக சமாச்சாரம்னு விட்டுட்டாக. 1879ல ஜெர்மனியில, லைப்சிக் பல்கலைக்கழகத்துல, வுண்ட்னு ஒரு வாத்தியார். தட்டுமுட்டுச் சாமான் கிடந்த ஒரு ரூம்புல கருவியக் கொண்டாந்து வச்சு அளக்க ஆரம்பிச்சாரு. நிர்வாகம் அதை முறையா ஏத்துக்கிடவே நாலு வருசம் ஆச்சு. இன்னைக்கு உளவியல் சயின்ஸா ஆனது அந்த ரூம்புலதான்னு சொல்றாக.

— வெள்ளக்காரன் பல்பைப் பார்த்தா அது சயின்ஸு. வலை இழுக்குற வீட்டுப் பிள்ளை நீ, மனசை இழுத்துக் கரையேத்தப் போறியாக்கும். சரி, என்னத்த அளந்தான்?

— வெளிச்சம் தெரிஞ்சதும் பட்டனை அமுக்க ஒரு நேரம் ஆகும். சிவப்புன்னா வலது கை, பச்சைன்னா இடது கைன்னு சொல்லிட்டா, இன்னும் கொஞ்சம் ஆகும். பெருசுல இருந்து சின்னதைக் கழிச்சா நடுவுல மிச்சம் நிக்கும். அதான் மனசு முடிவு பண்ற நேரம்.

— எம்புட்டு?

— கண்ணு சிமிட்டுற நேரந்தான்.

— இதுக்கு ஒரு துறை, ஒரு டீச்சரு! அந்த நேரத்துல என்னத்தக் கிழிக்க முடியும்? போன மாசம் உங்க ஊரு அக்காள்மடம் ரோட்டுல என் கார் முன்னாடி ஒரு மீன்கூடைக்காரி வந்து விழுந்தா. டிரைவர் முனீஸ்வரன் பிரேக்கைத் தொடுறதுக்குள்ள முடிஞ்சுபோச்சு. போலீஸ்லயும் அப்படித்தான் எழுதிக் குடுத்திருக்கான். அங்கன உன் சயின்ஸு என்ன பண்ணுச்சு?

— அவுக பேரு ஜெபமாலை சார். எங்க தெரு. செத்துப்போயிட்டாக.

— செத்தவளை நான் குறை சொல்லல. திடீர்னு குறுக்க வந்தா எவன் மனசுதான் என்ன செய்யும்?

— திடீர்னு வரல சார். ரோட்டோரம் என் தம்பி பிரடெரிக் கடையில கேமரா இருக்கு. அவுக ரோட்டுல கால் வச்சதுல இருந்து கார் இடிக்கிற வரைக்கும் நாலு செகண்டு. நேத்து திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தேன்.

— அப்ப அந்தப் பய கண்ணசந்திருப்பான். சோத்தைத் தின்னா தூக்கந்தான் அவனுக்கு.

— கண்ணசந்த ஆளு ஹாரன் அடிக்க மாட்டாரு. அதுல சத்தமும் பதிஞ்சிருக்கு. ரெண்டு தடவை ஹாரன் கேக்குது. வேகம் மட்டும் குறையவே இல்ல.

— யார்கிட்டக் காட்டுன அதை?

— இன்னும் யார்கிட்டயும் இல்ல.

— காட்டாத. பூட்டைத் திறக்கச் சொல்றேன், உன் பல்பை வச்சு விளையாடிக்க.

— ரூம்பு இருக்கட்டும் சார். முனீஸ்வரன் அண்ணன் ஜெயிலுக்குப் போகப் போறாரு. எனக்கு ஒண்ணுதான் விளங்கல. ஆளு வர்றதைப் பார்த்தாச்சு, ஹாரனும் அடிச்சாச்சு. முடிவு பண்ண நேரம் தாராளமா இருந்துச்சு. ஏன் பிரேக்கை மிதிக்கல?

— என்னத்துக்கு மிதிக்கணும்? ரெண்டு தடவை ஹாரன் அடிச்சேன்ல, மீன்காரிதானே, அவ ஒதுங்கட்டும்னு விட்டேன்.