கோடு மாறாத சால்வை

புத்தளத்து வெயிலில் கம்பளி பின்னுகிறவளைப் பார்த்தால் யாருக்கும் சிரிப்பு வரும், மௌலவி. ஆனாலும் பிறந்த பிள்ளைகளுக்குத் தொப்பியும் காலுறையும் வேண்டியிருக்கிறதே. கரைத்தீவில் அதற்கு என்னிடம்தான் வருவார்கள். மஹ்மூதாவையும் அப்படித்தான் யாரோ அனுப்பி வைத்தார்கள்.

சண்டை முடிந்ததும் மன்னாருக்குத் திரும்பியவள் அவள். தொண்ணூறில் மன்னார் முஸ்லிம்கள் எங்களையெல்லாம் இயக்கம் வெளியேற்றியபோது, கரை நெரிசலில் நின்று, கைக்குழந்தையைப் புறப்படும் வள்ளத்தில் யாரிடமோ தூக்கிக் கொடுத்திருக்கிறாள். அவளுக்கு ஏற இடமில்லை. அடுத்த வள்ளம் அவளை வேறு கரையில் இறக்கியது. அன்றிலிருந்து தேடுகிறாள்.

பிள்ளையைச் சுற்றியிருந்தது அவளே பின்னிய சால்வை. வெள்ளைக்காரன் காலத்தில் கப்பலில் வந்த கம்பளிப் போர்வை ஒன்று அவர்கள் வீட்டில் இருந்ததாம். பால் வெள்ளையில் பட்டை பட்டையாகக் கோடுகள். அதைப் பார்த்துப் பின்னியது.

"பச்சை, மஞ்சள், சிவப்பு, கறுப்பு," என்றாள். "அந்தச் சால்வை கிடைச்சாக் கூடப் போதும், ராத்தா. புள்ள மௌத்தாப் போயிருந்தாலும் மனச ஆத்திக்குவன்."

தேநீர் கொண்டுவந்த என் மகள் ஸஃப்னா கேட்டுக்கொண்டு நின்றாள். அவளை உள்ளே அனுப்பினேன். விசாரித்துப் பார்க்கிறேன் என்று மஹ்மூதாவிடம் சொன்னேன்.

மனசு ஆறினால் போதும் என்று அவளே சொன்ன பிறகு, நான் செய்ததைப் பெரிய பிழை என்று சொல்ல முடியாது. நூல் வாங்கிப் பின்னினேன். தேயிலைச் சாயத்தில் ஊறவைத்தேன், களப்புத் தண்ணீரில் நனைத்துக் கூரையில் காயப்போட்டேன். பூச்சி அரித்தது போல அங்கங்கே இழையை அறுத்துவிட்டேன்.

மறுபடி வந்தபோது அவள் மடியில் வைத்தேன். முகாமில் காய்ச்சலில் போன பிள்ளை, யாருடையது என்று தெரியாமல் நாங்களே அடக்கினோம் என்றேன். அவள் கோடுகளை விரலால் தடவினாள்.

"நான் மாறிச் சொல்லிட்டன், ராத்தா. ஓம், பச்சைக்குப் பிறகு சிவப்புதான். மஞ்சள் அதுக்குப் பிறகு. இது நான் பின்னினதுதான்."

அவள் மாறிச் சொன்னதை நான் கவனித்திருக்கவில்லை. தெரிந்த வரிசையில் கை தன்பாட்டில் போயிருக்கிறது.

மையவாடியில் தலைமாட்டில் மீஸான் கல் நடாத சின்னக் கப்ர் ஒன்றைக் காட்டினேன். மணலில் உட்கார்ந்துவிட்டாள். ஸஃப்னாதான் தூக்கி, அணைத்து அழைத்து வந்தாள். இரண்டு பேருக்கும் ஒரே நெற்றி. நான் முன்னால் நடந்தேன்.

கப்ர் பொய்யில்லை, மௌலவி. அதில் இருப்பவள்தான் ஸஃப்னா, நான் பெற்றவள். வள்ளத்தில் ஒரு கையில் அவள், மறு கையில் மஹ்மூதாவின் பிள்ளை. என்னுடையவள் முகாமில் போய்விட்டாள். பால் கட்டி மார்பு வலித்தது. மற்றவளுக்குக் கொடுத்தேன், பெயரையும் கொடுத்தேன். சால்வையை அடுப்பில் போட்டேன். ஒரு தாய் முகாம் முகாமாகத் தேடுகிறாள் என்று கேள்விப்பட்டதும், வயல் வேலை என்று சொல்லி எலுவன்குளத்துக்குப் போய்விட்டோம். ஊர் மறந்த பிறகுதான் திரும்பினோம்.

நிக்காஹில் மகளைப் பொறுப்பேற்றுக் கட்டிக்கொடுக்கும் வலீயாக வாப்பா வழியில் நிற்பவர் யார் என்று நீங்கள் கேட்டிராவிட்டால் இதைச் சொல்லியிருக்க மாட்டேன். என் கணவர் ஸலாஹுதீன் மௌத்தாகிவிட்டார். அவளுக்கு இரத்த உறவில்லாத அவருடைய தம்பி வலீயாக நின்றால் நிக்காஹ் செல்லாது. மார்க்க விஷயத்தில் நான் பொய் சொல்வதில்லை.

மஹ்மூதா இப்போது பக்கத்து வளவில் குடியிருக்கிறாள். கொளுத்தும் வெயிலிலும் அந்தச் சால்வையைப் போர்த்துக்கொண்டு என் வாசலைக் கடந்து போவாள். அப்போதெல்லாம் எனக்கு மார்பில் பால் கட்டியது போல வலிக்கும். அவள் கப்ரில் புல் பிடுங்குகிறாள், தண்ணீர் தெளிக்கிறாள், துஆ ஓதுகிறாள். நான் அந்தப் பக்கம் போவதில்லை.

யாருக்கும் நான் குறை வைக்கவில்லை. என் பிள்ளையை அவள் பார்த்துக்கொள்கிறாள். அவள் பிள்ளையை நான்.